ஏழாம் இயல்: செல்ஃப் எடுக்காத வண்டி

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் என் நண்பர் ஒருவரிடம் டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. முப்பது வயதாகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் ஏறியபோது அந்த ஜீப் தெருவில்தான் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதும், செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டதும் அப்போதுதான். ஜீப்பில் மிதிபலகை வரை வந்த தண்ணீர் வடிந்துவிட்டது. இன்ஜினுக்குள் போகவில்லை. நண்பருக்குப் பெரிய நிம்மதி.

சித்திரை வரை வண்டி ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“பேட்டரி போயிட்டு அண்ணாச்சி, மாத்திருங்க” என்றார்கள். மாற்றினார். பத்து நாள் ஓடி மறுபடியும் ‘டக்’. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் போட்டார்கள். ஒரு மாதம் ஓடியது. மூன்றாவது முறை நின்றபோது என்னைக் கூப்பிட்டார். இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் ஒரு சாண் நீள எர்த் பட்டையில்தான் கோளாறு இருந்தது. அதன் போல்ட்டுக்கு அடியில் வெள்ளத்தின் வண்டல் புகுந்து, காய்ந்து, துருவோடு சேர்ந்து இறுகியிருந்தது. புதுப் பட்டைக்கும் உப்புத்தாளுக்கும் ஆன செலவு, அதற்கு முன் அவர் செலவழித்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

முதல் இரண்டு முறையும் வண்டி ஏன் கொஞ்ச நாள் ஓடியது? பேட்டரியை மாற்றும்போது டெர்மினலைக் கழற்றித் துடைத்து முறுக்குகிறார்கள். மோட்டாரைக் கழற்றும்போது இன்ஜினையே அசைக்கிறார்கள். மோசமான இணைப்பு ஒன்று அந்த அசைவில் கொஞ்சம் சரியாகிவிடுகிறது. ‘மாற்றியதும் ஓடியது, அப்படியானால் கோளாறு அதில்தான் இருந்தது’ என்று நினைக்கும் பழக்கத்தால் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ நல்ல பேட்டரிகள் பழைய விலைக்குப் போயிருக்கின்றன. அதைத் தடுக்கத்தான் இந்த இயல்.

கால்வாயோடு நடப்பது

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் தாமிரபரணியிலிருந்து கால்வாய்களுக்குத் தண்ணீரைத் திருப்புகின்றன. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் அணைக்கட்டைக் குறை சொல்லி உட்கார்ந்திருப்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கால்வாயோடு நடப்பார்கள். அடைப்பு இருக்கும் இடத்தில் மேல்புறம் தண்ணீர் ஏறி நிற்கும், கீழ்புறம் இறங்கிக் கிடக்கும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் பார்த்த கண்ணுக்கே தெரிந்துவிடும்.

வோல்ட் என்பது அந்த மட்டம். ஆம்பியர் என்பது ஓடும் தண்ணீர். பேட்டரிதான் அணைக்கட்டு, செல்ஃப் மோட்டார்தான் கடைமடை வயல். இந்த ஒப்புமை ஓரிடத்தில் பொருந்தாது: வயலுக்குப் போன தண்ணீர் அணைக்கட்டுக்குத் திரும்புவதில்லை, கரண்ட் திரும்பியே ஆக வேண்டும். மோட்டாரின் உடம்பிலிருந்து இன்ஜினுக்கும், அங்கிருந்து எர்த் பட்டை வழியாகச் சேஸிஸுக்கும், அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் வந்து சேர வேண்டும். போகிற வழியில் சிவப்புக் கேபிள் கண்ணுக்குத் தெரிகிறது, எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். திரும்பும் வழி கிரீஸுக்கும் மண்ணுக்கும் அடியில் மறைந்து கிடக்கிறது. நான் பார்த்த பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு அங்கேதான் இருந்தது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். தண்ணீர் ஓடாதபோது அடைப்பு தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே மட்டமாகத்தான் நிற்கும். சாவியைத் திருப்பாமல் மீட்டரை வைத்துப் பார்த்து “எல்லா இடத்திலும் 12 வோல்ட் வருதே” என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. ஹெட்லைட் எரிய எட்டுப் பத்து ஆம்பியர் போதும். பெட்ரோல் கார் ஒன்றின் செல்ஃப் 150, 200 ஆம்பியர் கேட்கும், டீசல் இன்னும் அதிகம். துருப்பிடித்த ஓர் இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே செத்துவிடும். அதே இணைப்பு வழியாக ஹெட்லைட்டுக்குப் போகும்போது பத்தில் ஒரு வோல்ட்தான் குறையும். அதனால்தான் லைட் பளிச்சென்று எரிகிற வண்டியிலும் செல்ஃப் சுற்றாமல் போகிறது.

கை வைக்கும் முன்

கியர் நியூட்ரலில், கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்திருக்க வேண்டும். கையில் மோதிரம், வாட்ச், காப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பேனரோடு சேர்த்து மோதிரம் பேட்டரியில் பட்டால் விரலே வெந்துவிடும். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் எர்த் பக்கம், மாட்டும்போது கடைசியில் எர்த் பக்கம். பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் எளிதில் வெடிக்கும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. ஆசிட் கையில் பட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழைய அம்பாசிடர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லூகாஸ் மின்சாதனங்களோடு பிரிட்டனிலிருந்து வந்த அந்தக் கால வடிவமைப்புகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியில் இணைக்கும் வழக்கம் இருந்தது. மிகப் பழைய வண்டியாக இருந்தால் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இங்கே நான் எழுதுவது நெகட்டிவ் எர்த் வண்டிக்கு.

தேவையான கருவிகளும் அதிகமில்லை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, பல்பும் வயரும் சேர்த்துக் கட்டிய டெஸ்ட் லாம்ப் ஒன்று, உப்புத்தாள், ஸ்பேனர், சாவி திருப்ப ஓர் ஆள்.

முதலில் காதும் கண்ணும்

இருட்டான இடமாகப் பார்த்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று லைட்டைப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

லைட்டும் அணைந்து, சத்தமும் இல்லை என்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது பேட்டரி முனையிலேயே இணைப்பு விட்டிருக்கிறது. ‘டக டக டக’ என்று தொடர்ந்து அடித்தால், சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, இழுத்ததும் வோல்ட் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. இதுவும் பெரும்பாலும் பேட்டரியோ அதன் டெர்மினலோதான். லைட் கொஞ்சம்கூட மங்காமல், சத்தமே இல்லாமல் இருந்தால் கரண்ட் சொலினாய்டுக்கே போகவில்லை. சாவி சுவிட்ச், அங்கிருந்து வரும் மெல்லிய வயர், சொலினாய்டுச் சுருள் இவற்றைப் பாருங்கள். லைட் மங்காமல் ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்தால் சொலினாய்டின் உள்தொடுமுனை தீய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், பெரிய கேபிளிலோ எர்த்திலோ அடைப்பு இருக்கலாம். என் நண்பரின் ஜீப் இந்த வகை. ‘டக்’ என்று அடித்து லைட்டும் படுத்துவிட்டால், பேட்டரி நன்றாக இருக்கும் பட்சத்தில், மோட்டார் இறுகியிருக்கிறது. இன்ஜின் சுற்றாமல் ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றினால் பென்டிக்ஸ் பல் சக்கரம் பிடிக்கவில்லை.

பழைய பெட்ரோல் அம்பாசிடரில் பென்டிக்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. சாவியை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபட்டுவிடும். இந்த வண்டிகளுக்கு முன்னாலேயே ஹேண்டில் போடும் துளை இருப்பது எவ்வளவு பெரிய வரம்! ஹேண்டிலைப் போட்டுக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் இன்ஜின் இறுகியிருக்கிறதா என்ற சந்தேகமும் தீர்ந்துவிடும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள். ஹேண்டில் திருப்பி அடித்தால் எலும்பு முறியும்.

பேட்டரி குற்றவாளிதானா?

வண்டியை ஓட்டி ஒரு இரவு ஆறவிட்ட பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும். காலியான பேட்டரியை வைத்து மற்ற எதையும் சோதிக்க முடியாது.

ஆற்றிய நிலையில் 12.6 காட்டும் பேட்டரிக்கும் உயிர் இல்லாமல் இருக்கலாம். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் இரு முனையிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. அதற்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டரை ஆறு அறையிலும் விட்டுப் பாருங்கள். ஐந்து அறையில் 1.240 காட்டி ஓர் அறை மட்டும் 1.150 காட்டினால் அந்த அறை போய்விட்டது, அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். ஆறும் சமமாகக் குறைந்திருந்தால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள், சார்ஜ் போடுங்கள்.

நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயிலில் பேட்டரித் தண்ணீர் வேகமாக வற்றும். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். குடிக்க எவ்வளவு இனித்தாலும் ஆற்றுத் தண்ணீரில் தாது உப்புகள் இருக்கின்றன, அவை தகடுகளைக் கெடுக்கும்.

இரவு நிறைந்திருந்து காலையில் இறங்கிவிடும் பேட்டரி என்றால் எங்கோ கசிகிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் டெஸ்ட் லாம்பை வையுங்கள். லாம்ப் எரிந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அணைகிறதோ அந்த வழியில் கசிவு. பிசான அறுவடை சமயத்தில் வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் வயரை எலி கடித்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

மட்டம் விழும் இடம்

இனி வருவதுதான் இந்த இயலின் உயிர். பேட்டரி சரி, ஆனாலும் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது, அல்லது செல்ஃப் சோம்பிச் சோம்பிச் சுற்றுகிறது என்றால் எதையும் கழற்றாமல் இதைச் செய்யுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, டீசலில் ஸ்டாப் குமிழை இழுத்து வையுங்கள். பெட்ரோலில் காயிலுக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றி விடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைக்க வேண்டும்.

முதலில் திரும்பும் வழி. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழின் மேலேயே வையுங்கள், கிளாம்பின் மேல் அல்ல. சிவப்பு முனையை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்துங்கள். இப்போது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல வண்டியில் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். அரை வோல்ட் இருந்தால் கோளாறு. நண்பரின் ஜீப்பில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரி கொடுத்த 12இல் கால் பங்கு மோட்டாருக்குப் பயன்படாமல் திரும்பும் வழியிலேயே போயிருக்கிறது.

இனி கால்வாயோடு நடக்க வேண்டும். கறுப்பு முனை குமிழிலேயே இருக்கட்டும். சிவப்பு முனையை கிளாம்பில் வைத்து ஒரு முறை திருப்பச் சொல்லுங்கள். அடுத்து சேஸிஸில் கேபிள் முடியும் லக்கில், பிறகு சேஸிஸ் இரும்பில், பிறகு இன்ஜினில், கடைசியில் மோட்டாரில். எண் எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் குதிக்கிறதோ அங்கே அடைப்பு. ஜீப்பில் சேஸிஸ் வரை 0.1தான் இருந்தது, இன்ஜினுக்கு வந்ததும் 3ஐத் தாண்டியது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பட்டை ஒன்றுதான் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் அரை நிமிடமாவது ஆறவிடுங்கள்.

இதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. இன்ஜின் ரப்பர் மவுன்ட்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை கெட்டுப்போனால் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் கேபிள் என்று கிடைத்த மெல்லிய இரும்புக் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்த உடனே சோக் கேபிள் சுட்டாலோ, புகைந்தாலோ சந்தேகமே வேண்டாம், எர்த் பட்டைதான்.

அப்புறம் போகிற வழி. சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் குமிழில், கறுப்பு முனை மோட்டாரின் பெரிய போல்ட்டில். அரை வோல்ட் வரை மன்னிக்கலாம். முழு 12 வோல்ட்டும் காட்டினால் நடுவில் வழி அறுந்திருக்கிறது என்று பொருள். சொலினாய்டு ‘டக்’ என்று இழுத்த பிறகும் 12 காட்டினால், அதன் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அங்கேயும் 12 என்றால் உள்தொடுமுனை தீய்ந்துவிட்டது.

இரண்டு வழியும் சரியாக இருந்து, மோட்டாருக்கு 10 வோல்ட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தும் சுற்றவில்லை என்றால், அப்போது கழற்றுங்கள் மோட்டாரை. நம் பக்கத்துப் பழைய வண்டிகள் பலவற்றில் அந்த மோட்டாரின் மேல் லூகாஸ் டி.வி.எஸ். என்று பொறித்திருக்கும். 1961இல் தொடங்கி சென்னைப் பாடியில் செய்து வரும் கம்பெனி அது. டி.வி.எஸ். குழுமத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்தது இந்தத் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில். பழைய மோட்டாரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

‘டக்’ சத்தமே வராத வண்டிக்குச் சோதனை வேறு. சொலினாய்டின் சின்ன முனையில் டெஸ்ட் லாம்பை வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். லாம்ப் எரிந்தும் சொலினாய்டு இழுக்காவிட்டால் அதுதான் கெட்டது. எரியாவிட்டால் சாவி சுவிட்ச் பக்கம் போங்கள். ஸ்குரூடிரைவரை வைத்துப் பெரிய போல்ட் இரண்டையும் ஷார்ட் பண்ணும் வழக்கம் நம் ரோட்டோரங்களில் இருக்கிறது. வேண்டாம். கியரில் கிடந்த வண்டி அப்படியே ஆள் மேல் ஏறிவிடும்.

சுற்றுகிறது, பற்றவில்லை

பழைய டீசலில் இதைப் பெரும்பாலும் மின்சாரத்தின் மேல் போட முடியாது. ஸ்டாப் சொலினாய்டு உள்ள பம்ப் என்றால் சாவி போட்டதும் அதில் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். ஹீட்டர் பிளக்கும் மாஞ்சோலைக் குளிரில்தான் முக்கியம், பாளையங்கோட்டை வெயிலில் அல்ல.

பெட்ரோலில் காயிலின் பாயிண்ட் (சி.பி.) பக்க முனைக்கும் பாடிக்கும் நடுவில் டெஸ்ட் லாம்பை வைத்துச் செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் ஒட்டவில்லை, அழுக்கு ஏறியிருக்கும். எரியவே இல்லை என்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை. அம்பாசிடருக்குப் பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. பாயிண்ட் அடிக்கடி தீய்ந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். குற்றாலச் சாரலில் ஒரு இரவு நின்ற வண்டி காலையில் பற்றாவிட்டால், முதலில் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் வெளியும் துடைத்துப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

தண்ணீர் இன்ஜின் மட்டத்துக்கு வந்திருந்தால் சாவியைத் தொடவே கூடாது, தள்ளியும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். செல்ஃப் மோட்டார் இன்ஜினின் அடிப்பகுதியில் இருப்பதால் தண்ணீர் அதைத்தான் முதலில் பிடிக்கும். அதைக் கழற்றி, பிரித்து, வண்டலைத் துடைத்து உலர்த்தாமல் ஓட்டாதீர்கள்.

மிதிபலகையோடு நின்றுவிட்ட தண்ணீரைத்தான் நாம் அலட்சியம் செய்கிறோம். வயரின் முனையில் நுழைந்த ஈரம் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். செம்பில் களிம்பு பிடிக்க நாலைந்து மாதம் ஆகும். புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பச்சை தெரியும். லக்குக்குப் பக்கத்தில் உறையை ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள். உள்ளே கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டுங்கள். களிம்பு பிடித்த செம்பில் ஈயம் பிடிக்காது, லக் போட்டு நசுக்கியும் பயனில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே புன்னக்காயல் வரை கடல்காற்று படும் ஊர்களில் வெள்ளம் வராமலே இது நடக்கும்.

எர்த் இணைப்பைச் சரிசெய்யும்போது போல்ட்டை முறுக்கினால் மட்டும் போதாது. கழற்றி, லக்கையும் அது உட்காரும் இரும்பையும் பெயின்ட் போய் வெள்ளையாகும் வரை உப்புத்தாளால் தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கி, அதன் பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு முறுக்கக் கூடாது. மறுபடி மீட்டரை வைத்து அளந்து, தேதியோடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ‘டக்’ என்று கேட்கும்போது அந்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு, கொஞ்சம் ரேஸ் செய்து பேட்டரி முனையில் அளந்தால் 13.8க்கும் 14.4க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும், அது அடுத்த இயலில். ஜீப்பில் அன்று 14.1 வந்தது. திரும்பும் வழியில் மட்டம் 0.08. நண்பர் தன் பழைய பேட்டரியைத் திரும்பக் கேட்டு வாங்கப் போனார். அதற்குள் அது யாரோ ஒருவருடைய டிராக்டரில் ஓடிக்கொண்டிருந்தது.